நடமாடும் வாட்டர் வாஷுக்கு எந்தத் தண்ணீர்? போர்வெல், சாஃப்ட்னர், ஆர்.ஓ.: ஓர் ஒப்பீடு

வீட்டு வாசலுக்கே போய் கார் கழுவிக் கொடுக்கும் தொழிலில் பிரஷர் வாஷர், ஃபோம் கன், வேக்குவம் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் பலருக்குத் தண்ணீர் கண்ணில் படுகிறது. கழுவி முடிக்கும்போது கார் பளிச்சென்று இருக்கும், வாடிக்கையாளரும் பணத்தைக் கொடுத்துவிடுவார். அரை மணி நேரத்தில் பானெட் முழுக்க வெள்ளை வட்டங்களோடு வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வரும். "நாம் மெஷினோடு போகிற வண்டியிலேயே ஒரு சாஃப்ட்னர் மாட்டிவிடலாமா?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. சாஃப்ட்னர் என்பது தண்ணீரின் கடினத்தன்மையை எடுத்து மென்மையாக்கும் கருவி. மாட்டலாம். ஆனால் அதற்கு வண்டி பெரும்பாலும் சரியான இடமில்லை. அந்த வட்டங்களுக்கு சாஃப்ட்னர் முழு மருந்தும் இல்லை.

## முதலில் அளக்க வேண்டியவை

கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு. இது டிடிஎஸ் அல்ல. கரைந்திருக்கும் உப்புகள் அத்தனையையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது டிடிஎஸ் மீட்டர். அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மைக்குத் தனியாகச் சொட்டு டெஸ்ட் கிட் வேண்டும். மாதிரித் தண்ணீரில் இண்டிகேட்டர் போட்டால் ஒயின் சிவப்பாகும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் ஒரு சொட்டில் நீலமாக மாறும். அதுவரை விட்ட சொட்டுகளை கிட்டில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைத்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. நம் ஊர் போர்களில் பல அந்த 600-ஐயும் தாண்டும். கோவையில் ஒரே வீட்டில் ஒரு குழாயில் மிக மென்மையான சிறுவாணித் தண்ணீரும் இன்னொரு குழாயில் உப்புப் போர் தண்ணீரும் வரும். எந்தக் குழாயில் ஹோஸைச் செருகுகிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம். லிட்டர் கணக்கு மட்டும் போதாது. நிமிடத்துக்கு 8 லிட்டர் தள்ளும் மெஷினில் ஒரு காருக்கு டிரிகரை அழுத்திப் பிடிக்கும் நேரம் ஆறு, ஏழு நிமிடம் என்றால் சுமார் 50 லிட்டர். நாளைக்கு 6 கார் என்றால் 300 லிட்டர். தண்ணீரின் கடினத்தன்மை 600 என்றால் 300 × 600 = 1,80,000 மில்லிகிராம், அதாவது 180 கிராம். சாஃப்ட்னரின் அளவைத் தீர்மானிப்பது இந்த எண்தான்.

கடைசியில் தண்ணீர் எதன்மேல் காய்கிறது. பேவர் பிளாக், காம்பவுண்டு சுவர், மொட்டை மாடி, டயர், அண்டர்பாடி எதிலும் உப்புக் கறை ஒரு பொருட்டில்லை. கறுப்பு பெயின்ட், கண்ணாடி, குரோம், சோலார் பேனல் எல்லாவற்றிலும் அது பெரிய பொருட்டு. செராமிக் கோட்டிங் போட்ட கார் இன்னும் மோசம். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், ஒவ்வொரு முத்தும் தன் உப்பை ஒரே வட்டத்தில் விட்டுவிட்டுக் காயும்.

இவற்றோடு குழாயின் ஓட்டம், வண்டி தாங்கும் எடை, கழிவுத் தண்ணீர் போகும் இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

## தேர்வு 1: வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீரை அப்படியே பயன்படுத்துவது

முதலீடு எதுவும் இல்லை, எடையும் இல்லை. மெட்ரோ தண்ணீரோ சிறுவாணியோ வரும் வீடு என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

போர் தண்ணீரில் முதல் மறைமுகச் செலவு சோப்பு. 1 கிராம் கடினத்தன்மை சுமார் 6 கிராம் சோப்பை வேலைக்கு ஆகாத, திரிந்த பிசுக்காக மாற்றிவிடும். 600 கடினத்தன்மையில் 10 லிட்டர் பக்கெட் என்றால் 36 கிராம் சோப்பு அழுக்கைத் தொடுவதற்கு முன்பே போய்விடுகிறது. சோப்பு ஆயில் போட்டுக் கழுவுபவர்களுக்கு இது நேரடி நஷ்டம். கார் ஷாம்புகள் பெரும்பாலும் டிடர்ஜென்ட் வகை என்பதால் அவ்வளவு அடிபடாது, ஆனால் ஃபோம் கன்னில் நுரை கெட்டியாக நிற்காமல் வழிந்துவிடும். ஃபோம் பாட்டிலை நிரப்ப மட்டும் ஒரு கேன் நல்ல தண்ணீரை வண்டியில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. 1 லிட்டர் பாட்டில் என்றால் 20 லிட்டர் கேன் ஒன்று பல கார்களுக்கு வரும்.

இரண்டாவது செலவு நேரம். கறை விழாமல் இருக்க நிழலில் கழுவ வேண்டும், பேனல் பேனலாக அலசி உடனே துடைக்க வேண்டும், இரண்டு பெரிய டவல் கூடுதலாக வேண்டும். வெயிலில் நின்ற கறுப்பு பானெட்டில் டவலை எடுப்பதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். சைடு மிரர், டோர் ஹேண்டில், நம்பர் பிளேட் இடுக்குகளில் தங்கும் தண்ணீர் வண்டி கிளம்பிய பிறகு வழிந்து கோடு போடும். ஒரு சின்ன புளோயர் இருந்தால் அது பாதி குறையும்.

விழுந்த கறையை எடுக்க 1 லிட்டர் தண்ணீரில் 20 முதல் 30 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். பேனல் குளிர்ந்திருக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, நன்றாக அலச வேண்டும். "ஒரே துடைப்பில் உப்புக் கறை போகும்" என்று விற்கும் சில திரவங்களில் ஃபுளோரைடு அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கும், கையில் பட்டால் தோலுக்குள் இறங்கும். லேபிளில் என்ன இருக்கிறது என்று போடாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

## தேர்வு 2: வண்டியிலேயே சாஃப்ட்னர்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சாஃப்ட்னர் உருளைக்குள் இருக்கும் ரெசின் என்பது கசகசா அளவில் தேன் நிற மணிகள். தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். 20 மில்லிகிராம் கால்சியம் போனால் 23 மில்லிகிராம் சோடியம் வரும். ஆக சாஃப்ட்னரில் போன தண்ணீரின் டிடிஎஸ் குறையாது, ஒரு துளி கூடத்தான் செய்யும். "சாஃப்ட்னர் போட்டும் மீட்டர் 1,000 காட்டுகிறதே" என்று ரெசினைக் குறை சொல்பவர்கள் அதன் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள்.

கறை விஷயத்திலும் இதுதான் நிலவரம். 1,000 டிடிஎஸ் தண்ணீர் மென்மையாக்கப்பட்டாலும் காய்ந்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். வித்தியாசம் என்னவென்றால், அது சோடியம் உப்பு. ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். கால்சியம் கார்பனேட் போல ஒட்டிக்கொண்டு அமிலம் கேட்காது. நுரை நன்றாக நிற்கும், டவல் வழுக்கிக்கொண்டு போகும், மெஷினின் வால்வு, நாசிலில் படிவு குறையும். துடைத்துவிட்டுப் போகும் தொழிலுக்கு இது பெரிய லாபம். துடைக்காமலே பளபளப்பு வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம்.

பிடித்துப் பிடித்து நிறைந்த ரெசினை உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். அளவுக் கணக்கு இப்படி. லிட்டர் ரெசினுக்கு சுமார் 150 கிராம் உப்பு வைத்துப் புதுப்பித்தால் 50 கிராம் கடினத்தன்மை வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 7 அங்குல விட்டமும் 35 அங்குல உயரமும் உள்ள எஃப்.ஆர்.பி. (ஃபைபர் பிளாஸ்டிக்) உருளையில் 10 லிட்டர் ரெசின் வசதியாக உட்காரும். அப்படியானால் 500 கிராம். தண்ணீர் 300 என்றால் 1,600 லிட்டருக்கு மேல் வரும், 600 என்றால் 830 லிட்டர், 1,000 என்றால் 500 லிட்டர்தான். நாளைக்கு 180 கிராம் என்ற நம் கணக்குப்படி இரண்டு நாளைக்கு ஒருமுறை 1.5 கிலோ உப்பு.

இனி வண்டியில் வரும் சிக்கல்கள்.

ஓட்டம்தான் முதல் எதிரி. 10 லிட்டர் ரெசின் வழியாக மணிக்கு 200 முதல் 400 லிட்டர் வரை விடலாம், அதாவது நிமிடத்துக்கு 3 முதல் 6.5 லிட்டர். மெஷின் கேட்பதோ 8 லிட்டர். அதற்கு மேல் இழுத்தால் கடினத்தன்மை பிடிபடாமல் கசியும். போதாததற்கு, மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் அரை பார் இருந்தாலே அதிகம். இடையில் சாஃப்ட்னரைச் செருகினால் ஓட்டம் இன்னும் விழும், பம்ப் காற்றை இழுத்துத் தடதடக்கும், சீல் போய்விடும். ஆகவே சாஃப்ட்னரிலிருந்து நேராக மெஷினுக்குப் போகாமல், மிதவை வால்வு போட்ட 100 லிட்டர் இடைத் தொட்டி கட்டாயம். உருளை 10 பார் தாங்கும், அவ்வளவுதான். மெஷினுக்கு முன்னால்தான் அதற்கு இடம், பின்னால் ஒருபோதும் இல்லை.

அடுத்தது, வீட்டுக்கு வீடு தண்ணீர் மாறும். முதல் வீட்டில் 250, அடுத்த வீட்டில் 900. எத்தனை லிட்டர் போனது என்று மட்டும் எண்ணினால் ரெசின் எப்போது தீரும் என்று தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் கிட் வைத்துப் பார்த்து லிட்டரோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இதை ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. ரெசின் தீர்ந்துபோனதே தெரியாமல், சாஃப்ட்னர் போட்ட நம்பிக்கையில் பாதி வாரம் உப்புத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டிருப்பதுதான் அதிகம் நடக்கிறது. சாஃப்ட்னருக்குப் பின்னால் ஒரு டம்ளர் பிடித்து இண்டிகேட்டர் போட்டவுடன் நீலமாக வந்தால் சரி. சிவப்பு தெரிந்தால் வேலை முடிந்தது.

பள்ளம் மேட்டில் குலுங்கி உள்ளே ரெசினைத் தடுத்து நிறுத்தும் சல்லடையான ஸ்ட்ரெய்னர் உடைவதும் உண்டு. அப்போது ரெசின் மணிகள் தண்ணீரோடு கிளம்பிப் போய் பம்ப் வால்வில் உட்காரும். அழுத்தம் ஏறி இறங்கித் துடிக்கும், பலர் பம்ப்பையே பிரித்துவிடுவார்கள். சாஃப்ட்னருக்குப் பின்னால் 100 மெஷ் ஃபில்டர் ஒன்று இருந்தால் மணிகள் அங்கேயே நிற்கும், காரணமும் உடனே தெரியும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் பழுப்பேறிச் செத்துப்போகும். வெள்ளை பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் காலையில் மஞ்சளாக மாறியிருந்தால் அந்த வீட்டில் சாஃப்ட்னரைப் பைபாஸில் போடுங்கள்.

கடைசியாக, புதுப்பித்தல். பத்து நிமிடம் பின்னோக்கிக் கழுவி, 10 சதவீத உப்புக் கரைசலை அரை மணி நேரம் மெதுவாக விட்டு, பிறகு உப்புச் சுவை போகும்வரை அலச வேண்டும். 10 லிட்டர் ரெசினுக்கு எல்லாம் சேர்த்து 100 லிட்டர் தண்ணீர் போய்விடும். அந்தக் கழிவு கடும் உப்பு. வாடிக்கையாளர் வீட்டில் செய்யவே கூடாது, தோட்டத்தில் விடவும் கூடாது. தென்னைக்கு உப்பு வைப்பது நம் வழக்கம்தான், அதற்காக வாரம் மூன்று முறை வைப்பதில்லை. உப்பு விஷயத்தில், தூத்துக்குடிக் கல் உப்பு மலிவு, ஆனால் மூட்டையின் அடியில் மண்ணும் மக்னீசியமும் இருக்கும். தனி பக்கெட்டில் கரைத்து, தெளிய வைத்து, துணியில் வடிகட்டி விட்டால் போதும். நேராகக் கொட்டினால் ரெசினுக்கு மேல் சேறு படியும்.

## தேர்வு 3: வீட்டில் சாஃப்ட்னர், வண்டியில் தொட்டி

அதே 10 லிட்டர் ரெசின், அதே உப்பு. இடம் மட்டும் மாறுகிறது, மேலே சொன்ன தலைவலிகளில் பெரும்பகுதியும் காணாமல் போகிறது. இரவு நிமிடத்துக்கு 3 லிட்டர் மெதுவாக ஓடவிட்டால் 300 லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரத்துக்குள் நிரம்பும். மெதுவாகப் போவதால் கடினத்தன்மை கசியாது. தண்ணீர் ஒரே போரிலிருந்து வருவதால் எத்தனை லிட்டருக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பது ஒரே எண். கழிவு உங்கள் சொந்த வடிகாலில் போகிறது. குலுக்கலும் இல்லை.

இதன் விலை எடை. 300 லிட்டர் என்றால் 300 கிலோ. டாடா ஏஸ் மாதிரி வண்டி தாங்கும், மெஷின், ஜெனரேட்டர், ஆள் எல்லாம் சேர்த்தாலும் சமாளிக்கலாம். ஆம்னி, ஈக்கோவில் யோசிக்க வேண்டும். டூவீலரில் பேச்சே இல்லை. 300 லிட்டருக்கு ஒரே தொட்டி வைக்காதீர்கள். பாதி காலியானதும் பிரேக் போடும்போதெல்லாம் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். 100 லிட்டர் தொட்டிகள் மூன்றை வரிசையாக, தாழ்வாக, அச்சுக்கு அருகில் கட்டி, ஒன்றை முழுதாகத் தீர்த்த பிறகு அடுத்ததைத் திறப்பது நல்லது.

இன்னொரு லாபம் பலருக்குத் தோன்றுவதில்லை. அபார்ட்மென்ட்களில் கோடையில் கார் கழுவக் குழாயைத் தர மாட்டார்கள். 2019-ல் சென்னை ஏரிகள் வற்றிய கோடையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கெடுபிடி தெரியும். தண்ணீரோடு வருபவரை செக்யூரிட்டி உள்ளே விடுவார்.

இதுவும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. மீஞ்சூர் பக்கம் போல நிலத்தடியில் கடல்நீர் ஏறிய பகுதிகளில் போர் தண்ணீரில் பெரும்பங்கு சாதாரண உப்பு. டிடிஎஸ் 2,000-க்கு மேல் போனால் சாஃப்ட்னருக்குப் போடும் காசு வீண் என்றே சொல்லலாம். சோடியம் அதிகமாக இருக்கும் தண்ணீரில் ரெசின் கால்சியத்தை முழுதாகப் பிடிக்காது, பிடித்தாலும் காருக்கு மேல் உப்பு உப்பாகத்தான் காயும், பிரேக் டிஸ்க்கில் துரு வேறு. அங்கே நல்ல தண்ணீர் வாங்கி நிரப்புவதுதான் வழி.

## தேர்வு 4: கழுவுவது எதில் வேண்டுமானாலும், கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ.

கறைக்குக் காரணம் ஐம்பது லிட்டரும் இல்லை. பெயின்ட்டின் மேல் கடைசியாக நின்று காயும் தண்ணீர்தான். அதை மட்டும் மாற்றினால் போதும் என்பதே இந்த முறை. எங்கள் கணிப்பில் கார் மட்டும் கழுவுபவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் ஏற்றது. சாஃப்ட்னரை விட்டுவிட்டு இதை முதலில் வாங்கலாம்.

ஒரு காருக்கு 15 லிட்டர் போதும். 6 காருக்கு 90 லிட்டர். மணிக்கு 12 லிட்டர் தரும் சாதாரண வீட்டு ஆர்.ஓ. இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 96 லிட்டர். அதன் உள் தொட்டி நிரம்பியதும் மெஷின் நின்றுவிடும். அதனால் வெளிவரும் குழாயை நேராக 100 லிட்டர் டிரம்முக்குத் திருப்பி, டிரம்மில் மிதவை சுவிட்ச் போட வேண்டும். 1,000 டிடிஎஸ் உள்ளே போனால் 50 அளவில் வெளியே வரும். சுவைக்காக டிடிஎஸ் கூட்டும் வால்வு இருந்தால் அதை மூடிவிடுங்கள்.

அலச பிரஷர் வாஷர் வேண்டாம். வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர், புதிதாக வாங்கியது, பூச்சிமருந்தே காணாதது, அதில் ஷவர் நாசில் மாட்டினால் வேலை கச்சிதம். ரூஃபிலிருந்து கீழே, தகடாக வழியும்படி விட வேண்டும். பனி போலத் தெளித்தால் பழைய உப்புத் தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். வெள்ளை, சில்வர் கார்களில் துடைக்காமலே விடலாம். கறுப்பில் 50 டிடிஎஸ்கூட லேசாகத் தெரியும், ஒரு டவல் இழுத்துவிடுங்கள்.

அதுவும் வேண்டாம் என்றால் ஆர்.ஓ.வுக்குப் பின்னால் டி.ஐ. ரெசின் உருளை, அதாவது மிச்சமிருக்கும் உப்பையும் எடுத்துவிடும் கலவை ரெசின். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரின் தரம் அது. ஆனால் போர் தண்ணீரை நேராக அதற்குள் விடாதீர்கள். இந்தக் கலவை ரெசின் லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் உப்புதான் தாங்கும். 1,000 டிடிஎஸ் தண்ணீரில் 7 லிட்டர் ரெசின் 140 லிட்டரிலேயே தீர்ந்துவிடும். 50 டிடிஎஸ் ஆர்.ஓ. தண்ணீரில் அதே ரெசின் 2,800 லிட்டர் வரும். இதை உப்புப் போட்டுப் புதுப்பிக்க முடியாது, அமிலமும் காஸ்டிக்கும் வேண்டும், வீட்டில் செய்கிற வேலை இல்லை. தீர்ந்தால் புது ரெசின்தான். அந்தச் செலவை ஒரு காருக்கு இவ்வளவு என்று பிரித்து விலையில் சேர்த்துவிடுங்கள்.

ஆர்.ஓ.வின் மறைமுகச் செலவு கழிவு. வீட்டு மெஷினில் 90 லிட்டர் எடுக்க 200 லிட்டருக்கு மேல் வெளியே போகும். உள்ளே போன தண்ணீரை விட உப்பு கூடியது என்றாலும் டயர், அண்டர்பாடியின் முதல் அடிக்குப் போதுமானது. கடினத்தன்மை 600-க்கு மேல் என்றால் மெம்ப்ரேன் சீக்கிரம் அடைக்கும். முன்னால் ஒரு சின்ன சாஃப்ட்னர் அங்கே நியாயமான செலவு.

## காந்தமும் பந்துகளும்

குழாயில் கட்டும் காந்தம், எலக்ட்ரானிக் கண்டிஷனர், வாஷிங் மெஷினுக்குப் போடும் பாஸ்பேட் பந்து எதுவும் கால்சியத்தைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதில்லை. பாஸ்பேட் படிவைத் தள்ளிப்போடும், அது உண்மை. ஆனால் காய்ந்த துளியில் உப்பு அப்படியே இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | குழாய்த் தண்ணீர் | வண்டியில் சாஃப்ட்னர் | வீட்டில் சாஃப்ட்னர் | ஆர்.ஓ. கடைசி அலசல் |
|---|---|---|---|---|
| காய்ந்த கறை | ஒட்டிக்கொள்ளும் | துடைத்தால் போகும் | துடைத்தால் போகும் | மிகக் குறைவு |
| நுரை | மோசம் | நன்று | நன்று | ஃபோம் பாட்டிலுக்கும் ஆர்.ஓ. ஊற்றினால் நன்று |
| வண்டியில் எடை | இல்லை | இடைத் தொட்டியோடு 130 கிலோ | 300 கிலோ | 100 கிலோ |
| தினசரி கவனம் | துடைக்கும் வேகம் | வீட்டுக்கு வீடு டெஸ்ட் | இரவு நிரப்புதல் | இரவு நிரப்புதல் |
| கழிவு | இல்லை | இரு நாளைக்கு 100 லிட்டர் கடும் உப்பு | அதேதான் | தினமும் 200 லிட்டருக்கு மேல் |

## யாருக்கு எது

டூவீலரில் சின்ன மெஷினோடு போகிறவர், நாளைக்கு மூன்று கார்: குழாய்த் தண்ணீர், ஒரு கேன் நல்ல தண்ணீர், ஸ்பிரேயரில் 15 லிட்டர் ஆர்.ஓ. கறுப்பு காருக்கு மட்டும் ஸ்பிரேயரை இறக்கினால் மூன்று காரில் ஒன்றுக்கு வரும்.

ஏஸ் வண்டியில் அபார்ட்மென்ட் ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு வீட்டு சாஃப்ட்னரும் தொட்டியும். விலை கூடிய கார்கள் வர ஆரம்பித்த பிறகு அதன்மேல் ஆர்.ஓ. டிரம்மைச் சேர்க்கலாம்.

வண்டியில் சாஃப்ட்னர் சரியாகப் பொருந்துவது ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்பவருக்குத்தான்: ஒரு கம்பெனி வளாகம், ஒரு டிராவல்ஸ் ஷெட். தண்ணீர் ஒன்றே, ஓட்டமும் தெரிந்தது.

சுடுதண்ணீர் மெஷினோ ஸ்டீம் மெஷினோ வைத்திருப்பவருக்குத் தேர்வே இல்லை. சூடேறும்போது கால்சியம் மெஷினின் சூடேற்றும் குழாய்ச் சுருளில் கல்லாகப் படியும், டீசல் செலவு ஏறும், கடைசியில் சுருள் வெடிக்கும். மென்னீர் கட்டாயம். சோலார் பேனல் கழுவுபவர் ஆர்.ஓ.வும் மென்மையான பிரஷும் எடுத்துக்கொண்டு, பிரஷர் கன்னைக் கீழேயே விட்டுவிட வேண்டும். தரை, சுவர், பேவர் பிளாக் மட்டும் செய்பவர் இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் வாங்க வேண்டியதில்லை. இன்லெட் ஃபில்டரை மட்டும் வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவட்டும்.

சாஃப்ட்னர் வாங்கப் போகிறவர் கடையில் "எத்தனை பேருக்கு, எத்தனை பாத்ரூமுக்கு" என்ற பேச்சைத் தவிர்த்துவிட்டு ரெசின் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள், அதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். உருளையின் அளவு வெளியே தெரியும், உள்ளே பாதிதான் ரெசின் இருக்கிறதா என்பது தெரியாது. கிட்டோடு போய் ஓடும் டெமோ மெஷினில் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் நீங்களே சொட்டு விட்டுப் பாருங்கள். அவர்கள் நீட்டும் டிடிஎஸ் மீட்டரை ஆர்.ஓ. வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.